கசப்பு போன வேர்

கம்பெனிக்காரர் அன்று லாரியோடு வரவில்லை. வழக்கமாக வாசலில் நின்றபடியே மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஆட்களை ஏற்றச் சொல்வார். இந்த முறை செருப்பைக் கழற்றாமல் கொட்டகைக்குள் நுழைந்தார். பின்னால் ஓர் ஆள் ஒரு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து தரையில் போட்டான். போன தடவை இங்கிருந்து போன மூட்டை.

வெட்டுப்பலகையின் முன் உட்கார்ந்திருந்த மருமகள் கத்தியை நிறுத்தினாள். மாமியார் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சார், போன மூட்டை வீட்டு ஞாபகம் வந்து திரும்பிருச்சா?"

"இதுல ஒண்ணுமே இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"மருந்து இல்ல. வெறும் நார். அடுப்புல வெச்சா எரியும், அவ்வளவுதான்."

வலைத் தட்டுகளில் வேர்ச் சீவலைக் காயப் பரப்பிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் இந்த வீட்டின் மூத்தவள். புருஷனோடு ஒத்துவராமல் அம்மாவிடமே வந்துவிட்டவள். எதையும் ஒரு குத்தல் சேர்க்காமல் சொல்ல வராது அவளுக்கு.

"மருந்து எங்க சார் போகும்? வழியில இறங்கி நடந்து போயிருச்சா?"

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. "இந்த வேரை எதுக்கு வாங்கறோம் தெரியுமில்ல? தூசி பட்டா சில பேருக்குத் தும்மல், அரிப்பு, இழுப்பு வருதில்ல. உடம்புக்குள்ள சின்னச் சின்ன பை மாதிரி செல்லுங்க இருக்கு. தூசியைக் கண்டதும் அதுங்க வெடிச்சுக் கொட்டும். கொட்டினதும் தும்மல். இந்த வேர்ல இருக்கிற மஞ்சள் சத்து அதை வெடிக்க விடாம பிடிச்சு வைக்கும். அதுக்குத்தான் இத்தனை பாடு. எங்க லேப்ல பாத்தோம். வழக்கமா இருக்கிறதுல கால் பங்குகூட இல்ல."

"முப்பது வருஷமா இதே கை, இதே கொட்டகை சார்."

"கை அதேதான். வேர் அதேதானா? பாக்க ஒரே மாதிரி இருக்கிற வேற ஏதோ வேரைக் கலந்திருக்காங்க. யார் கொண்டு வர்றது?"

மாமியார், மகள், மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மகன், மூவரும் மருமகளைப் பார்த்தார்கள். வேர் கொண்டு வருவது அவளுடைய அண்ணன்.

*

வேர் மலைச்சரிவிலிருந்து காய்ந்தே வரும். விரல் தடிமன் இருக்கும். மேலே பழுப்புத் தோல், உள்ளே மஞ்சள். காய்ந்த வேரை அப்படியே வெட்டினால் கண்ணாடி போலச் சிதறும். அதனால் முதல் நாள் மாலை ஈரச் சாக்கை விரித்து, அதன் மேல் வேரைப் பரப்பி, இன்னொரு ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள். விடியும்போது கத்தி இறங்குகிற அளவுக்கு மட்டும் இளகியிருக்கும். அதற்குப் பதம் என்று பெயர்.

பதம் போடுவது மாமியார் வேலை. கொட்டகையின் பின்னால் தண்ணீர்த் தொட்டியோடு ஓர் இருட்டறை இருந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பல கண் பட்டால் பதம் கெடும் என்பாள். மருமகளும் அதைக் கற்றுக்கொண்டால் அப்புறம் வீட்டில் தனக்கு என்ன மரியாதை என்பதுதான் உண்மை. அது மருமகளுக்கும் தெரியும்.

வெட்டுவது மருமகள் வேலை. பலகையில் ஒரு முனை பூட்டிய நீளக் கத்தி. இடது கையால் வேரைத் தள்ளித் தள்ளிக் கொடுக்க, வலது கை கத்தியை இறக்கி ஏற்றும். வேரைச் சாய்த்துக் கொடுத்தால்தான் சீவல் நீளவாட்டில் விழும். நேராகக் கொடுத்தால் காசு காசாக விழும், கம்பெனி எடுக்காது. கல்யாணமாகி வந்த மாதமே அவளுக்குக் கை படிந்துவிட்டது. மூக்குதான் படியவில்லை. பதம் போட்ட வேரிலும் தோலிலிருந்து தூசி கிளம்பும். பத்து வெட்டுக்கு ஒரு தும்மல் வந்தது. கண் சிவந்தது. கழுத்தில் தடிப்பு ஏறியது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் புரண்டு படுப்பது கேட்கும்.

மகள் அவளுக்குத் 'தும்மல்' என்றே பெயர் வைத்துவிட்டாள். "தும்மல், சாப்பிட வா." "தும்மலைக் கடைக்கு அனுப்பாதம்மா, கடைக்காரன் பொட்டலம் பறந்துடும்."

மாமியார் அதே வேரைக் கொதிக்க வைத்துக் காலையில் ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்தாள். நாக்கு மரத்துப் போகும் கசப்பு. குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். தும்மல் நிற்கவில்லை. அதை அவள் அவமானமாக எடுத்துக்கொண்டாள்.

"ஊர் உலகத்துக்கே கேக்குது, உன் மூக்குக்கு மட்டும் கேக்கலையா? வேணும்னே தும்முறியா நீ?"

"வேணும்னு யாராவது தும்முவாங்களா அத்தை?"

"வாய் மட்டும் தும்மாம பேசுது."

ஒரு தடவை கம்பெனிக்காரர் வந்திருந்தபோது அவளால் அடக்க முடியவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தும்மலுக்கு மருந்து விக்கிற வீட்டுலயே தும்மலா? வெளிய சொல்லிடாதீங்கம்மா, எங்க வியாபாரம் போயிடும்." மாமியாரும் சிரித்தாள். அவர் போன பிறகு பதம் போடும் அறைக்குள் போய்க் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டாள்.

இந்த வருஷம் மழை விட்டதும் தும்மல் நின்றது. திடீரென்றுதான் நின்றது. வேர் மெத்தென்று வெட்டுப்பட்டது, தூசியே கிளம்பவில்லை. மழைக்காலத்து வேர் அப்படித்தான் இருக்கும் என்று மருமகள் நினைத்தாள். மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். "என் கஷாயம்தான். விடாம ஊத்தினேன். மூக்கு வழிக்கு வந்துச்சு." கம்பெனிக்காரரிடமும் சொன்னாள். மருமகளைக் கூப்பிட்டு அவர் முன் நிறுத்தி, "நீயே சொல்லு" என்றாள். "ஆமா சார், அத்தை கஷாயம்தான்" என்று அவளும் சொன்னாள். அன்று அவளுக்கு நன்றியாகக்கூட இருந்தது.

*

அண்ணன் மறுநாளே வந்தான். வேர்க்காரன் என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள். நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். உள்ளே வந்து உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"என்ன தம்பி, தங்கச்சியைக் குடுத்த வீடாச்சே, என்ன குடுத்தாலும் வாய மூடிட்டு வாங்கிப்பாங்கன்னு நெனச்சியா?" என்றாள் மாமியார்.

"என்ன குடுத்தேன்?"

"காட்டுல கண்டதைத் தோண்டிக் கொண்டு வந்து குடுத்த."

"அத்தை, வார்த்தையைப் பாத்துப் பேசுங்க. இந்த வேரை எனக்கு இருட்டுல குடுங்க, தொட்டே சொல்லுவேன்."

"அப்ப தெரிஞ்சேதான் கலந்திருக்க," என்றாள் மகள் வலைத்தட்டு பக்கமிருந்து.

அவன் தங்கையின் புருஷனைப் பார்த்தான். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. மூட்டையை இறக்கினது நீங்கதானே?"

வீட்டில் மகனின் வேலை மூட்டை தூக்குவது. தூக்கியதும் இளைப்பாறப் போவான். "நான் என்னத்த மச்சான் சொல்றது? மூட்டை கட்டியிருந்துச்சு. நான் என்ன உள்ள பூந்து பாத்தேனா?"

அண்ணன் கம்பெனி திருப்பி அனுப்பிய மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டு மென்றான். துப்பினான். மூலையில் இன்னும் பிரிக்காமல் கிடந்த மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு முழு வேரை எடுத்துக் கடித்தான். முகம் கோணியது. கடித்த வேரைத் தங்கையிடம் நீட்டினான்.

"கடிச்சுப் பாரு."

அவள் கடித்தாள். கசப்பு காது வரைக்கும் ஏறியது.

"இப்ப சீவலைத் தின்னு."

சீவல் வைக்கோல் போல இருந்தது.

"என் மூட்டையில கசக்குது. உங்க மூட்டையில கசக்கல. நடுவுல இந்த வீடுதான் இருக்கு," என்றான் அண்ணன்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வாய் திறந்தபடி அந்த முழு வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று குரல் ஏறியது.

"ஒரு மூட்டையை நல்லதா வெச்சுட்டு மத்ததைக் கலப்படம் பண்ணுவாங்க. எனக்குத் தெரியாதா இந்த வித்தை?"

கடைசியில் பிரிக்காத மூட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி வேரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்ப்பது என்று முடிவானது. மாமியார் அதற்கு ஒப்புக்கொண்டது மகளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட கையோடு ஒன்று சொன்னாள்.

"அதுலயும் சத்து இல்லன்னு வரட்டும். உன் வேர் இந்த வாசல் ஏறக் கூடாது. உன் தங்கச்சியையும் கையோட கூட்டிட்டுப் போயிடு. திருட்டு வீட்டுப் பொண்ணு எனக்கு வேண்டாம்."

அண்ணன் தங்கையின் புருஷனைப் பார்த்தான். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

*

அந்த நாட்களில் வெயில் வெள்ளையாக அடித்தது. கொட்டகையின் தகரம் மதியத்தில் டிக் டிக் என்று சத்தம் போடும். யாரும் மருமகளோடு பேசவில்லை. பேசினால் அவளுக்குக் கேட்கும்படி வேறு யாரிடமாவது பேசினார்கள்.

"அம்மா, கொழம்புல உப்பு இல்ல. சத்து எங்க போச்சோ."

"அண்ணன் கொண்டு போயிருப்பான்."

அவள் கீரையைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். இந்த வீட்டில் தனக்கென்று ஒரு பாயும் ஒரு பெட்டியும்தான் இருக்கின்றன, கிளம்பச் சொன்னால் கட்ட அதிக நேரம் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் வீடு சின்னது. அண்ணிக்கு அவளைக் கண்டால் ஆகாது. திருட்டு வேர்க்காரன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அவனிடம் யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

கைவசம் இருந்த மற்ற மூட்டைகளை வெட்டும் வேலை நிற்கவில்லை. வேறு ஒரு வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது இருந்தது. அண்ணன் வந்து போன மறுநாள் காலையே அவள் வழக்கம்போல் பலகையின் முன் உட்கார்ந்து கத்தியை இறக்கினாள். வேர் இறுக்கமாக இருந்தது. வெட்டும்போது கடக்கென்று சத்தம் வந்தது. வெயில் கோட்டில் பழுப்பாகத் தூசி எழுவதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தும்மினாள். மறுபடி தும்மினாள். நிற்கவே இல்லை.

"வந்துட்டாடி பழைய ஆளு," என்றாள் மகள். "அம்மா, கஷாயம் கேக்கல போல!"

மாமியார் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

மருமகள் முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு யோசித்தாள். கஷாயம் இன்று காலையும் குடித்தாயிற்று. வெயில் நேற்றும் இதே வெயில். வேர் அதே மூட்டையின் மிச்சம். அப்படியானால் மாறியது ஒன்றுதான். நேற்று வரை வேர் மெத்தென்று வந்தது, இன்று இறுகி வந்திருக்கிறது. மழையால் இல்லை. மழை போய்ப் பல வாரம் ஆகிறது.

எழுந்து பின்பக்கம் போனாள். பதம் போடும் அறை பூட்டியிருந்தது. ஆனால் தொட்டித் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவருக்கு வெளியேதான் இருந்தது. அதன் கீழே கால்வாய்க் கல் முழுக்க மஞ்சள் படிந்து காய்ந்திருந்தது. அடுக்கடுக்காக, பாலாடை போல. விரல் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

அங்கே இருந்தது, கசப்பு.

*

மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மருமகள் மஞ்சள் விரலை நீட்டிக் காட்டினாள்.

"சாக்கு போடலையா அத்தை? தொட்டியில முக்கி ஊறப் போட்டீங்களா?"

மாமியார் கை நிற்கவில்லை. கல்லும் உமியும் தனியே ஒதுங்கின.

"யார் மூக்குக்காகப் போட்டேன்?"

"எனக்காகவா?"

"பின்னே? ராத்திரி பூரா இழுத்துட்டுக் கெடந்தது யாரு? நீ தும்மத் தும்ம அந்தாளு பல்லைக் காட்டிச் சிரிச்சது யார் கொட்டகையில? ஊறப் போட்டா தூசி வராது. தூசி வரல. நீயும் தும்மல. நன்றி கெட்டவளே, சொகமா வெட்டினல்ல இத்தனை நாளு?"

"கஷாயம்னு சொன்னீங்க."

"நீயும்தான் சொன்ன."

அன்று கம்பெனிக்காரர் முன் அவளும் சொன்னதுதான்.

"சத்து தண்ணியோட போயிடும்னு எனக்கு மட்டும் கனவா வந்துச்சு?" என்றாள் மாமியார். "உங்கண்ணன் கடிச்சு மூஞ்சியைக் கோணினப்பதான் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. அவனைத் திருடன்னீங்களே."

"திருடன்னு சொன்னா ஒரு நாள் பேச்சு. பதம் தெரியாதவன்னு என்னைச் சொன்னா இந்தக் கொட்டகையே போச்சு." அரிசித் தண்ணீரை வடித்தாள். "போய்ச் சொல்லு. யார்கிட்ட வேணா சொல்லு. யாரு நம்புறான்னு பாப்போம்."

அவள் கணவனிடம் சொன்னாள். அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கல்லைக் காட்டினாள். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது, முகம் அதைச் சொன்னது.

"அம்மாகிட்ட நான் எப்படிக் கேப்பேன்?"

"எங்கண்ணனைத் திருடன்னப்ப மட்டும் கேட்டுட்டு நின்னீங்க?"

"ரிசல்ட் வரட்டும். நல்லதா வந்துச்சுன்னா தானா அடங்கிடும்," என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போனான்.

*

முடிவு நல்லதாகத்தான் வந்தது. கம்பெனிக்காரர் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார். இந்த முறை நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"முழு வேர்ல குறையே இல்ல. போன வருஷத்தை விட நல்லாவே இருக்கு. உங்களைத் தப்பா சொல்லிட்டேன்," என்றார் அண்ணனிடம். "அப்ப சத்து இங்கதான் போயிருக்கு. இது தண்ணியில கரையற சத்தும்மா. ஊறப் போட்டீங்களா?"

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் பதம் போடுற கை சார்."

"அதான் கேக்கறேன். பதம் தெரிஞ்ச இடம்னு நம்பித்தான் உங்களுக்குக் குடுக்கறோம். அதுவே சரியில்லன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

"இவதான் சார்." மாமியாரின் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. கை மருமகளைக் காட்டியது. "எனக்கு முதுகு வலின்னு ரெண்டு மூணு வாட்டி இவளைப் போடச் சொன்னேன். தூசி இவளுக்கு ஆகாதில்ல, தொட்டியில முக்கி வெச்சுட்டா. சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சுட்டா."

அண்ணன் முன்னால் வந்தான். "என்ன அத்தை கதை விடுறீங்க? அந்த அறைக்குள்ள ஈயைக்கூட விட மாட்டீங்களே!"

"அவனுக்கென்ன தெரியும் சார், எங்க வீட்டு உள் விஷயம்? என் பையனைக் கேளுங்க."

கம்பெனிக்காரர் மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஆமா சார். தெரியாம செஞ்சுட்டா," என்றான்.

வலைத்தட்டின் அருகே மகள்கூட ஒரு குத்தல் சொல்லவில்லை.

மருமகள் தன் கணவனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று கத்தலாம். கல்லைக் காட்டலாம். வேரைத் தண்ணீரில் முக்கியது யார் கை என்று கல் சொல்லாது. மூன்று பேர் ஒரு பக்கம். அண்ணன் பேரைக் காப்பாற்றியாயிற்று. இனிக் காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவள் மூச்சு.

"ஆமா சார்," என்றாள். "நான்தான் போட்டேன்."

"ஏய்!" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணே. நான்தான் சார். எனக்குப் பதம் தெரியாது. வெட்டும் சரியாத் தெரியாது. இவ்வளவு நஷ்டம் பண்ணின கையில மறுபடி வேரைக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

கம்பெனிக்காரர் தாடையைத் தடவினார். "அது நியாயம்தான். தூசி ஆகாதவங்க வெட்டினா இப்படித்தான் ஏதாவது குறுக்கு வழி பண்ணத் தோணும். அம்மா, இனிமே இந்தப் பொண்ணு வேரைத் தொட வேண்டாம். நான் எப்ப வந்தாலும் பாப்பேன். தொட்டதா தெரிஞ்சா அதோட சரி."

"வெட்ட ஆள் வேணுமே சார்!" மாமியாரின் குரல் முதன்முதலாக உடைந்தது.

"பையன் இருக்காரே. வாட்டசாட்டமாத்தானே இருக்காரு."

மாமியார் மருமகளைப் பார்த்த பார்வையில் தீ இருந்தது. ஆனால் மறுக்க வாய் இல்லை. மறுத்தால் தன் வார்த்தையையே மறுக்க வேண்டும்.

*

வாசலில் அண்ணன் பொரிந்தான். "உனக்குப் புத்தி இருக்கா? பழியைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கற! வா, கெளம்பு."

"உன் வீட்டுக்கு வந்தா அண்ணி எத்தனை நாள் சிரிச்ச மூஞ்சியா இருப்பாங்க?"

அவன் நகக்கண் மண்ணைச் சுரண்டினான்.

"வேரைக் கொண்டு வா. நல்ல வேரா கொண்டு வா. இனி ஒருத்தரும் உன்னைப் பேச முடியாது."

"உன் புருஷன் ஆமா போட்டான் பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் அவள். "நான் பாத்தது அவருக்கும் தெரியும்."

அவள் திரும்பி வந்தபோது கொட்டகையில் மகன் பலகையின் முன் உட்கார வைக்கப்பட்டிருந்தான். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றை நீட்டி ஒன்றை மடக்கியிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அன்றைய வேர்க் குவியல். மாமியார் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவன் ஒரு வேரை எடுத்து நேராகத் தள்ளிக் கத்தியை இறக்கினான். வட்டமாக ஒரு துண்டு விழுந்தது. இன்னொன்று. அதுவும் வட்டம். வேர் வழுக்கிக் கத்தி விரலுக்கு அருகில் இறங்கியது. தூசி எழுந்து அவன் முகத்துக்கு நேரே நின்றது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எப்படிச் சாய்க்கணும்? கொஞ்சம் காட்டிக் குடேன்."

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? தெரியாம செஞ்சவதானே நான்."

சொல்லிவிட்டு, தூசி முற்றத்துக்கு வராமல் இருக்க, கொட்டகைக் கதவை வெளிப்பக்கமாகச் சாத்தினாள்.